தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை துடுப்புப் போட: முதலில் மதகுகளைப் படியுங்கள்

காவிரியின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர். படகில் இறங்குகிறவருக்கு அது ஒரே ஆறு இல்லை. கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர், வரிசையாகக் கதவணைகள், முக்கொம்பு, கல்லணை என்று ஷட்டர் இருக்கும் இடமெல்லாம் துண்டுபட்டு நிற்கும் தண்ணீர். அதனால் ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு, விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்பதிலிருந்து திட்டம் போடுங்கள்.

மேட்டூர் நீர்வரத்தும் திறப்பும் தினமும் செய்தியில் வரும். இரண்டு மாதம் முன்பிருந்தே நோட்டில் எழுதி வாருங்கள். எங்கள் கணக்கு இது: திறப்பு 8,000 முதல் 15,000 கன அடி வரை என்றால் வசதி. 2,000-க்குக் கீழே போனால் கரூர் தாண்டி மணலில் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். 30,000-ஐத் தாண்டினால் கரையேறி, வடியும்வரை காத்திருங்கள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கிளம்புவது நல்லது. அப்போது குடகில் மழை தணியத் தொடங்கும், ஆற்றில் தண்ணீரும் இருக்கும். நாளுக்கு 25 கிலோமீட்டர், நடை, ஓய்வு எல்லாம் சேர்த்து 40 நாள். ஐப்பசி பிறக்கும்போது மயிலாடுதுறை துலாக் கட்டத்தை நெருங்கிவிடலாம். புயல் காலம் வலுப்பதற்குள் கடலைத் தொட்டுவிட வேண்டும், இதில் சமரசம் வேண்டாம்.

பரிசல் இந்தத் தூரத்துக்குச் சரிவராது. ஒவ்வொரு வீச்சுக்கும் சுற்றும். பிளாஸ்டிக் கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) 20, 25 கிலோ இருக்கும், கதவணைக்குக் கதவணை அதைத் தூக்கித் தோள் போய்விடும். காற்றடைக்கும் பேக்ராஃப்ட் (சுருட்டி முதுகில் தூக்கும் சின்னப் படகு) 3, 4 கிலோதான். வேகம் குறைவு, மணிக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. ஆனாலும் இந்த ஆற்றுக்கு அதுதான் படகு.

தலைக்காவிரியிலிருந்து பாகமண்டலம் 8 கிலோமீட்டர், நடைதான். அங்கிருந்து குஷால்நகர் வரை சைக்கிள் போதும். ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம், முதலைகளும் உண்டு. கரைவழியே சுற்றிப் போங்கள். சிவனசமுத்திரம் முதல் ஒகேனக்கல் வரை படகே வேண்டாம். அருவிகள், மேகதாதுவின் பாறை இடுக்கு, யானைகள் நீர் குடிக்க இறங்கும் சரணாலயக் காடு. சாலையில் போய்விடுங்கள், பயணத்தின் மதிப்பு குறையாது. அணைகளின் அருகே படகுக்கு அனுமதி இருக்காது என்றே வைத்துக்கொண்டு, நீர்த்தேக்கங்களையும் தரைவழிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

உயிர் போகும் இடம் அருவி மட்டுமில்லை, கதவணையும்தான். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று அடுக்கடுக்காக மின்நிலையங்கள். மேலிருந்து பார்த்தால் குளம் போல அமைதி. ஆனால் டர்பைன் பக்கம் தண்ணீர் சத்தமில்லாமல் இழுக்கும். அரை கிலோமீட்டர் முன்பே, மின்நிலையத்துக்கு எதிர்க்கரையில் ஏறிவிடுங்கள். ஏறும் இடத்தை வீட்டிலேயே செயற்கைக்கோள் படத்தில் குறித்து வையுங்கள். கீழே இறங்கும்போது நுரையைக் கவனியுங்கள்: தேங்காய் மட்டை ஒன்று கீழே போகாமல், சுவரை நோக்கித் திரும்பி வந்து, அமிழ்ந்து, மறுபடி மேலே வந்தால் அது சுழல் உருளை. விழும் தண்ணீர் அடியில் போய், மேற்பரப்பு பின்னோக்கி ஓடுகிறது. லைஃப் ஜாக்கெட் போட்டவரைக்கூட விடாது. அந்த நுரை முடிந்து நல்ல தூரம் தள்ளித்தான் படகை இறக்க வேண்டும். சைரன் கேட்டால் மணல் திட்டில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். இரவுக் கூடாரத்தையும் திட்டில் போடாமல் மேட்டுக் கரையில் போடுங்கள்.

மார்பருகே ஒரு கத்தி செருகியிருக்கட்டும். நைலான் வலை துடுப்பில் சிக்கினால் அறுக்க அதுதான். ஆனால் மீனவர் வலையைத் தெரிந்தே அறுக்காதீர்கள், சுற்றிப் போங்கள்.

குடிநீர் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர், ஊர்களில் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயக்கழிவு கலக்கிறது. கையடக்க ஃபில்டர் கிருமியைத் தடுக்கும், கரைந்த உப்பைத் தடுக்காது.

முக்கொம்பில் கொள்ளிடம் இடப்புறம் பிரியும். அகலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உபரிநீர் இல்லாதபோது அது வெறும் மணல். வலப்புறக் காவிரியில் போனால் கல்லணை. அதற்குப் பிறகு முறைப்பாசனம் வைத்தால் காவிரிக்குச் சில நாள், கல்லணையில் பிரியும் வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவார்கள். இதற்காகவே நான்கு நாள் உபரியாக வையுங்கள். ஆறு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும். கடைசிக் கதவணை மேலையூரில்.

அங்கிருந்து விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறினால் கடற்காற்று நேரே முகத்தில் அடிக்கும். முகத்துவாரத்தில் மணல்மேட்டின் மேல் அலை உடையும். பூம்புகார் மீனவர்களிடம் கேட்காமல் அதைத் தாண்டாதீர்கள். உள்ளே அமைதியான நீரிலேயே கரையேறி, கடைசி சில நூறு அடியை மணலில் நடந்து போய்க் கடலைத் தொடலாம்.