ஒரு காது, மூன்று ஓபி சீட்டு

வலது காது அடைத்துப் பத்து நாளாகியிருந்தது. வலி பெரிதாக இல்லை, அரிப்புதான் தாங்கவில்லை. குறும்பிதானே, எடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடலாம் என்று அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.

எட்டு மணிக்கே ஓபி சீட்டு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வெளியே ஒரே பெஞ்சில் எல்லா ரகமும் உண்டு: காதில் சீழ் வடியும் பையன், சைனஸ் தலைவலியில் நெற்றியைப் பிடித்திருந்த அக்கா, தொண்டையில் மீன்முள் சிக்கியவர். முள்காரரை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

இளம் டாக்டர். தலைவிளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்ததுமே, "எண்ணெய் விடுவீங்களா?" என்றார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், காதுக்கு இரண்டு சொட்டு, அப்புறம் பட்ஸால் ஒரு குடைச்சல். ஒப்புக்கொண்டேன்.

"இது குறும்பி இல்ல சார், பூஞ்சை." துடைத்தெடுத்த பஞ்சைக் காட்டினார். நனைந்த செய்தித்தாள் துணுக்கு மாதிரி, மேலே கரும்புள்ளிகள். பட்ஸ் கீறிய தோலும் உள்ளே தங்கும் ஈரமும் பூஞ்சைக்கு வசதியாம்.

பிறகு 512 என்று பொறித்த இசைக்கவையைத் தட்டி நடுநெற்றியில் வைத்தார். அடைத்த காதில்தான் சத்தம் அதிகம் கேட்டது! தப்பாகச் சொல்கிறேனோ என்று தயங்கியே சொன்னேன். அப்படிக் கேட்டால் நல்லதாம்: நரம்பில் கோளாறு இல்லை, ஒலி போகும் வழியில்தான் அடைப்பு.

சக்‌ஷன் குழாயை விட்டு உறிஞ்சினார்கள். காதுக்குள் ரயில் ஓடியது, ஒரு நிமிடம் தலையும் சுற்றியது. க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்து இரண்டு வாரத்துக்கு. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு.

நாலாம் நாள் அரிப்பு நின்றது, நானும் சொட்டை நிறுத்தினேன். பத்தாம் நாள் அதே அரிப்பு, அதே பெஞ்ச். திட்டு வாங்கியதை விவரிக்க வேண்டாம். மறுபடி சக்‌ஷன், மறுபடி சொட்டு. இந்தத் தடவை நாள் குறித்துவைத்து, இரண்டு வாரமும் சொட்டு விட்டேன்.

மூன்றாவது சீட்டில் காது காய்ந்திருந்தது, செவிப்பறையிலும் ஓட்டை இல்லை. எழுந்திருக்கப் போனேன். "உட்காருங்க, இடது காது பாக்கி இருக்கு." அங்கே நிஜமாகவே குறும்பி, கல் மாதிரி. இளக்க ஐந்து நாள் சொட்டு விட்டுவிட்டு வரச் சொன்னார்.