சீசன் இல்லாத வைட்பி

இங்கிலாந்தில் செவிலியர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளுக்கு எப்போது விடுப்பு கிடைக்கும் என்பதை அந்த ஊர்ப் பள்ளிக்கூட நாட்காட்டிதான் முடிவு செய்கிறது. ஈஸ்டர், கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் பல மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் கிடப்பது ஜனவரி. எட்டு மணிக்கு மேல் விடிந்து, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம். ஆனால் அந்த மாதத்தில்தான் பொங்கல் வருகிறது என்பது எங்கள் வார்டில் யாருக்கும் தெரியாது. 2025 பொங்கலுக்கு எனக்கும் பாலக்கோட்டு அக்காவுக்கும் கேட்ட நாளெல்லாம் விடுப்பு கிடைத்தது.

லீட்ஸ் நகரில் நாங்கள் நால்வர். நான் ஊட்டமலைக்காரி, ஒகேனக்கல் ஆற்றங்கரை. அக்கா பாலக்கோடு. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் தோழி காவேரிப்பட்டணம். மேற்படிப்புக்கு வந்திருக்கும் தம்பி ஓசூர். அங்கே சென்னைக்காரர்களும் கோவைக்காரர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் பக்கம் என்பது பெங்களூர் போகிற வழியில் டீ குடிக்க நிற்கும் இடம். அந்த ஆத்திரத்திலேயே நாங்கள் ஒன்று சேர்ந்தோம் என்று சொன்னாலும் தப்பில்லை. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். லீட்ஸில் ஒரு வாடகை வீட்டு அடுப்படியில் நாங்கள் இரண்டையும் மறுபடி சேர்த்துவிட்டோம்.

நால்வர் ஊரிலும் கடல் கிடையாது. அதனால் விடுப்பு கிடைத்ததும் கடலுக்குப் போகலாம் என்று அக்கா சொன்னார். வைட்பி என்ற பெயரை அவருக்குச் சொன்னவர் வார்டில் இருந்த ஒரு பெரியவர். வடக்கு யார்க்‌ஷரில் எஸ்க் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சிறிய துறைமுக ஊர். கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஜனவரியிலா? எல்லாம் மூடிக் கிடக்குமே!

அவர்கள் தடுப்பதற்காகச் சொன்ன அந்தச் சொல்தான் என்னை இழுத்தது. மூடிக் கிடக்கும் சுற்றுலாத் தலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதில்தான் வளர்ந்தேன்.

அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். கோடை விடுமுறைக் கூட்டம், ஆடிப்பெருக்குக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளியூர்க்காரர்கள் பார்க்கும் ஒகேனக்கல் அவ்வளவுதான்: அருவி, எண்ணெய் மசாஜ், வறுத்த மீன், பரிசல். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி அங்கே மதகைத் திறந்துவிட்டால், பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி என்று அளந்து சொல்வார்கள். அளவு ஏறினால் பரிசலுக்கும் தடை, குளியலுக்கும் தடை. செய்தித்தாளில் அது இரண்டு வரி. எங்கள் தெருவில் அது மளிகைக்கடைக் கடன் நோட்டு. அப்பா பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசுவார். சித்தப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார். மீன் வறுக்கும் அத்தை வாணலியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார். தெருவில் எங்களைத் தவிர யாரும் இல்லாத அந்த நாட்களில்தான் பெரியவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். எனக்கு ஊர்க்கதைகள் கிடைத்ததெல்லாம் அப்போதுதான்.

லீட்ஸில் பஸ் ஏறினால் யார்க், மால்டன், பிக்கரிங் வழியாக வைட்பிக்குப் போகலாம். அந்த ஜனவரியில் இங்கிலாந்தின் பெரும்பாலான பஸ்களில் எவ்வளவு தூரமானாலும் ஒரு வழிக்கு 3 பவுண்டுதான் உச்சக் கட்டணம். பிக்கரிங் தாண்டியதும் மரமில்லாத மேட்டுநிலம். கோடையில் ஊதாவாகப் பூக்கும் புதர் கருகிப் பழுப்பாகப் படர்ந்திருந்தது. ஓசூர்த் தம்பி பாதி வழி தூங்கினான்.

நாங்கள் எடுத்த வீடு மேற்குப் பக்கத்து மேட்டில் இருந்தது. ஆகஸ்டில் அதற்கு என்ன வாடகை என்று பார்த்துவிட்டுக் காவேரிப்பட்டணத்துக்காரி போனைக் கீழே வைத்துவிட்டாள். ஜனவரியில் அதில் பாதிகூட இல்லை. ஜன்னலைத் திறந்தால் கீழே துறைமுகம், எதிர்மேட்டில் பாழடைந்த துறவிமடத்தின் சுவர்கள். 657இல் ஹில்டா என்ற பெண் துறவி தலைமையேற்ற மடம். இன்று நிற்கும் சுவர்கள் பிற்காலத்தவை. அங்கே ஏற 199 படிகள். ஏறிப் போனோம், அடைத்திருந்தது. தம்பி சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடலோடி கேப்டன் குக் தங்கிப் பயின்ற வீடும் அருங்காட்சியகமாம், அதுவும் அடைப்பு. ஐஸ்கிரீம் கடைப் பலகைகளில் சாக்பீஸால் 'மார்ச்சில் சந்திப்போம்' என்று எழுதியிருந்தது. துறைமுகத்தில் ஒருவர் உல்லாசப் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தது. என் மூக்குக்கு அது புதிதில்லை.

திறந்திருந்த டீக்கடைகளில் ஒன்றில் நுழைந்தோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். லீட்ஸ் வந்த புதிதில் நான் பேசிய பேச்சை எல்லாம் கூட்டினாலும், வார்டுக்கு வெளியே ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கம் நிரம்பாது. பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குளிரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் என்று நாங்கள் நால்வரும் தீர்ப்பே எழுதி வைத்திருந்தோம். இந்த அம்மாவோ டீயை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"லீட்ஸ்."

"அதற்கு முன்பு?"

சென்னைக்குப் பக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். அன்று என்னவோ, ஆற்றங்கரை ஊர், அப்பா வட்டமான படகு ஓட்டுகிறார், சுற்றுலாவை நம்பிய பிழைப்பு என்று முழுதாகச் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எனக்கு மறக்கவில்லை.

"சீசன் இல்லாதபோது அப்பா என்ன செய்வார்?"

அந்த நாட்டில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. தார் பூசுவது, கடன் நோட்டு, பெங்களூர்க் கட்டட வேலை எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய கணவரும் கோடையில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிக் கடலைக் காட்டுபவர். குளிர்காலத்தில் படகைச் செப்பனிட்டது போக, மற்ற நாட்களில் வீடுகளுக்குச் சுவர்ப்பூச்சு வேலைக்குப் போகிறார். "ஆகஸ்டில் இந்தக் கடைக்கு வரிசை தெருவில் நிற்கும். யாருடைய முகமும் எனக்கு நினைவிருக்காது" என்றார். நாங்கள் கிளம்பும்போது மறுநாள் கடல் எப்போது உள்வாங்கும், எப்போது ஏறும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பாறையடியில் நடக்கப் போனால் அந்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வழியை மறித்துவிடும் என்று அக்காவிடம் விரல் நீட்டிச் சொன்னார். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். வைட்பியில் பெரிய ஓதத்தின்போது அது ஐந்து மீட்டரை நெருங்கும்.

தைப் பொங்கலன்று எட்டேகாலுக்குச் சூரியன் எதிர்மேட்டுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். மேகத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. வராத சூரியனைக் கும்பிட்டுப் பொங்கலை இறக்கினோம். அன்றைய உண்மையான சமையல் இரவில்தான் நடந்தது.

மீன்கடையில் எலும்பும் தோலும் எடுத்த வெள்ளைத் துண்டங்கள்தான் அடுக்கியிருந்தன. அக்கா தலை கேட்டார். கடைக்காரர் உள்ளே போய்க் காட் மீன் தலை இரண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, காசு வாங்காமல், "பூனைக்கா?" என்றார். "எங்களுக்குத்தான்" என்றார் அக்கா. அவர் எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்க, பின்னால் வரிசை இல்லாத தைரியத்தில் அக்கா புளிக்குழம்பு முழுவதையும் அங்கேயே நின்று வைத்துக் காட்டிவிட்டார். இங்கே வருகிற நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார்க்‌ஷர் பக்கத்தில் மீனையும் உருளைக்கிழங்கையும் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும், உருளைக்கிழங்கு சைவம்தானே என்று நம்புகிறவர்களும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

குழம்புக்குப் பாலக்கோட்டுப் புளி இருந்தது. களிக்கு மாவும் நொய்யும் கொண்டுபோயிருந்தோம். ஊரில் களி கிண்டும்போது கவையுள்ள கொம்பைக் குறுக்கே போட்டுக் காலால் மிதித்துப் பானையை அசையாமல் நிறுத்துவோம். இங்கே கண்ணாடித் தளம் போட்ட மின்னடுப்பு. பாத்திரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நொய் வெந்த கொதியில் மாவைக் கொட்டி, நடுவில் குழித்து, மூடி வேகவைத்தாயிற்று. கிண்டக் கோல் இல்லை. அந்த வீட்டில் கிடந்த பூரிக்கட்டையை அக்கா எடுத்தார். தம்பி இரண்டு துண்டுகளைச் சுற்றிப் பாத்திரத்தின் காதுகளைப் பிடித்துக்கொள்ள, நான் தரையில் இறக்கிவைத்துக் கிண்டினேன். "கட்டி தட்டுகிறது, ஓரத்தைத் தள்ளு, ஓரத்தைத் தள்ளு" என்று காவேரிப்பட்டணத்துக்காரி நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். ஈரக் கிண்ணத்தில் உருட்டி எடுத்தபோது ஒரு கட்டிகூட இல்லை. காட் தலையின் கன்னச் சதை கெளுத்திக்கு இணையில்லைதான், ஆனாலும் சட்டி காலியானது.

சாப்பிட்டுவிட்டு ஜன்னலருகே நின்றபோது தம்பிதான் கவனித்தான். எதிர்ச்சரிவில் அத்தனை வீடுகள், விளக்கு எரிவது அங்கொன்றும் இங்கொன்றும். மறுநாள் டீக்கடை அம்மா விளக்கினார். அவற்றில் பல, வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். புதிதாகக் கட்டும் வீடுகள் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களுக்கே விற்கப்பட வேண்டும் என்று 2022 ஜூனில் ஊரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 2,111, எதிர்ப்பு 157. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. அந்த அம்மாவின் மகளுக்கு ஊரில் வீடு வாங்க வழியில்லாமல் மிடில்ஸ்பரோவில் இருக்கிறாளாம். நாங்கள் மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்த வீடும் அந்தக் கணக்கில் ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும். அதைச் சொல்லிக் காட்டவில்லை. கோடையில் வந்திருந்தால் எல்லா ஜன்னலிலும் விளக்கெரிந்திருக்கும், எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அன்று கடல் உள்வாங்கிய நேரத்தில் பாறையடியில் நடந்தோம். தம்பி சுருண்ட வடிவம் பதிந்த ஒரு கருங்கல்லை எடுத்து வந்தான். அக்கா பார்த்ததும் செருப்புக்கால் பட்டுவிடாமல் ஒதுங்கி, "சாளக்கிராமம் அல்லவா இது!" என்றார். வேடிக்கையில்லை, இரண்டும் ஓரினம்தான். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் வைட்பிக் கரையில் கிடைப்பதும் ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரிகளின் புதைபடிவம். வைட்பிக்காரர்கள் இதைப் பாம்பு என்கிறார்கள். ஹில்டா அம்மையார் மடம் கட்ட இடம் தேடியபோது பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டாராம். பழைய வியாபாரிகள் கல்லில் பாம்புத்தலை செதுக்கியே விற்றிருக்கிறார்கள். அக்கா அந்தக் கல்லைத் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டார். தம்பிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

லீட்ஸ் திரும்பியதும் அக்கா கடற்கரை ஊர்களில் வேலை தேட ஆரம்பித்தார். வேலை இருந்தது, வீடுதான் இல்லை. குளிர்காலத்துக்கு மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். ஈஸ்டர் வந்தால் காலி செய்ய வேண்டும். இப்போதைக்கு லீட்ஸிலேயே இருக்கிறார். நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பை மட்டும் கிழித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் குளிரைப் பற்றிச் சொன்னால், இப்போது பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன். மனிதர் கோடையில் தோட்டத்துத் தக்காளி கொடுக்கும் அளவுக்கு வந்திருக்கிறார்.

இதை ஊட்டமலையில் இருந்து எழுதுகிறேன். ஐப்பசி மாதம், ஆற்றில் தண்ணீர் கூடி மறுபடி பரிசலுக்குத் தடை. அப்பா வாசலில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். வைட்பிக் கதையில் அவருக்குப் பிடித்தது கேப்டன் குக்கின் கப்பல். 1764இல் வைட்பியில் கட்டிய நிலக்கரிக் கப்பல்தான் பிறகு 'எண்டெவர்' ஆயிற்று; கடல் உள்வாங்கினால் மணலில் உட்காரத் தோதாக அடிப்பாகம் தட்டையாக இருக்கும். "தட்டை அடிதான் பாறையில் தப்பிக்கும்" என்று குக்குக்குச் சான்றிதழ் கொடுத்தார். அப்புறம் டீக்கடை அம்மாவின் கணவரைப் பற்றி விசாரித்தார்.

"அங்கே படகுச்சீட்டுக் காசை யார் வாங்குகிறார்கள் கண்ணு? பஞ்சாயத்தா?"

"படகுக்காரரே வாங்கிக்கொள்கிறார் அப்பா."

"அவருக்கு எந்த மாதம் கூட்டம் அதிகம்?"

"ஆகஸ்ட்."

தார்க் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "ஆகஸ்டில் நமக்கு மேலே மதகைத் திறந்துவிடுவான், எனக்கு வேலை இருக்காது. அவருக்கு ஆள் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்."

விசா என்று நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா களி ஆறுகிறது என்று கூப்பிட்டுவிட்டார்.