கைக்கு எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

பக்கவாத வார்டில் இயன்முறை மருத்துவராகப் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கைக்கு எந்த எண்ணெய் தேய்க்கலாம்?" விழுந்தது கை, வைத்தியமும் கைக்கே வேண்டும் என்று நினைக்கிறார்கள். கையில் எலும்பும் தசையும் நரம்பும் நேற்று இருந்தபடியேதான் இருக்கின்றன, மேலிருந்து உத்தரவுதான் வரவில்லை என்று புரியவைப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும். எண்ணெய் தேய்ப்பதில் கேடில்லை. ஆனால் அடைப்பு மண்டைக்குள் இருக்கிறது.

படிக்கும் காலத்தில், உடற்கூறியல் கூடத்தில் முதன்முதலாக ஒரு மூளையை இரண்டு கைகளாலும் ஏந்திய கனம் இன்னும் நினைவிருக்கிறது. ஏறக்குறைய 1.3 கிலோ. ஃபார்மலினில் ஊறி இறுகியிருந்தது. உயிருள்ள மூளை மிகவும் மென்மையானது, விரல் அழுத்தினாலே குழைந்துவிடும் என்றார் ஆசிரியர். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் அது. ஆனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களிலேயே அந்தப் பகுதி சாகத் தொடங்குகிறது. மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்குவதற்குச் சற்று மேலே முகுளம். கைகால்களை இயக்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பக்கம் மாறுகின்றன. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக்கை விழுவது அதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயியை அழைத்துவந்தார்கள். வலக்கை, வலக்கால், கூடவே பேச்சும் போயிருந்தது. எது கேட்டாலும் "ஆங்... ஆங்..." என்ற ஒலி மட்டும்தான். மகன் கட்டிலருகே நின்றபடியே, "அப்பாவுக்கு ஒன்றும் விளங்குவதில்லை சார். செலவுக்குக் கறவை மாட்டை விற்றுவிடலாம் என்றிருக்கிறோம்" என்றார். நான் பிடித்திருந்தது விழுந்த கையை. மற்றொரு கை போர்வையைக் கசக்கிப் பிடித்தது.

பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861-இல் பார்த்த நோயாளிக்கு வாயில் வந்ததெல்லாம் 'டான்' என்ற ஓர் அசைதான். பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. இறந்தபின் அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தபோது இடப்பக்க முன்மடலில் சிதைவு தெரிந்தது. பேச்சைப் புரிந்துகொள்வதில் முக்கியப் பங்குள்ள இடம் வேறு. அது இன்னும் பின்னால், பொட்டுமடலில் இருக்கிறது. அதைப் பற்றி 1874-இல் கார்ல் வெர்னிக்கே எழுதினார். ஒன்று கெட்டாலும் மற்றொன்று பெரிதும் தப்பியிருக்கலாம்.

மகனை அருகில் நிற்கச்சொல்லிவிட்டு, "ஐயா, கண்ணை மூடுங்கள்" என்றேன். மூடினார். "ஜன்னல் எங்கே இருக்கிறது?" இடக்கையை நீட்டிக் காட்டினார். பெயரைக் கேட்டால் வாய் தவித்தது. ஆனால் "ஒன்று, இரண்டு" என்று நான் தொடங்கியதும், "மூன்று, நான்கு" என்று பத்துவரை திக்கித் திக்கிச் சொல்லிமுடித்தார். வாயில் ஊறிப்போன வரிசைகள் இப்படி மிஞ்சுவதுண்டு. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். முந்தைய நான்கு நாட்களாக அந்தக் கட்டிலருகே என்னென்ன பேசினார்களோ.

நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், படுத்திருப்பவரை விட்டுவிட்டு உடனிருப்பவரிடமே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். அப்போது எத்தனை பேர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்களோ என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை. இப்போது வார்டுக்கு வரும் மாணவர்களுக்கு, நரம்புகளின் பெயரைக் கேட்பதற்கு முன், நோயாளியின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து பேசச் சொல்லித்தருகிறேன்.

அந்த விவசாயிக்குத் தினமும் ஒரு டம்ளரை எடுத்துவைக்கும் பயிற்சி. முதலில் அவர் கையை என் கையால் தூக்கவேண்டியிருந்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, தப்பிப் பிழைத்த மூளைப் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கின்றன. மூன்றாவது வாரம் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. அன்று மாலை மகன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்தார்.

"அப்பா, மாட்டை விற்கட்டுமா?"

அவர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். பிறகு இடக்கையால் தன் காதில் கிடந்த கடுக்கனைத் தொட்டுக் காட்டினார்.