ரெண்டு கேபிக்குள்ள தமிழ்

அம்மா சிங்கப்பூர்ல ஈசூன் வீட்டு காரிடார்ல கறிவேப்பிலை, கற்பூரவல்லி, ஒரு மல்லிகை எல்லாம் தொட்டியில வச்சிருக்காங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஊருக்குப் போயிட்டு வந்தப்போ பாதி செடி காஞ்சு கெடந்துச்சு, தண்ணி ஊத்த வேண்டிய ஆளு நான், நான் மறந்துட்டேன். அந்தக் குத்தவுணர்ச்சியிலதான் இந்த டப்பாவ செய்ய ஆரம்பிச்சேன். மண்ணுல ஒரு சென்சார், ப்ரோக்ராம் ஏத்தி ஓட்டுற ஒரு சின்ன போர்டு (அர்டுயினோ ஊனோ), ஒரு சின்ன ஓலெட் திரை. மண்ணு காஞ்சா "தண்ணி ஊத்து"ன்னு காட்டணும், ஈரமா இருந்தா "போதும்". அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அதனால தமிழ்லதான் காட்டணும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலைன்னு நெனச்சேன், மூணு வாரம் ஆச்சு.

போர்டு, திரை, வயரு எல்லாம் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர்ல வாங்கினதுதான். (சிம் லிம் ஸ்குவேர் வேற, டவர் வேற, இப்பவும் பாதி பேரு கொழப்பிக்கிறாங்க. பார்ட்ஸ் வேணும்னா டவர்.)

நான் போன் ப்ரோக்ராமிங்ல ஆரம்பிச்ச ஆளு. ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாம் வர்றதுக்கு முன்னாடி, ஜே2எம்ஈ காலம். தெரியாதவங்களுக்கு: கம்ப்யூட்டர்ல ஓடுற ஜாவாங்கிற ப்ரோக்ராமிங் மொழிய அப்படியே போன்ல போட முடியாதுன்னு அதை வெட்டி சுருக்கி ஒரு பதிப்பு கொண்டு வந்தாங்க, 2000-ல சிஎல்டிசி 1.0-ன்னு அடிப்படைப் பகுதி, அதுக்கு மேல போன் வசதிகளுக்கு எம்ஐடிபி. அதுல ப்ரோக்ராம ஓட்டுற விர்ச்சுவல் மெஷினுக்கு பேரே கேவிஎம், கே-ன்னா கிலோபைட். மெகா இல்ல, கிலோ! 160 கேபி மெமரி இருந்தா போதும்னு கணக்குப் போட்டு செஞ்சது. அந்த முதல் பதிப்புல புள்ளி வச்ச எண்ணே கிடையாது, ஃப்ளோட் இல்ல. 3 வெள்ளி 50 காசுன்னா 350-ன்னு வச்சுக்கிட்டு, திரையில காட்டும்போது நாமளே புள்ளி வைக்கணும். ஃபைல்னு ஒண்ணு கிடையாது, ரெக்கார்டு ஸ்டோர்னு ஒண்ணு இருக்கும், எதை சேமிச்சாலும் அதுல வெறும் பைட்டா போட்டு பைட்டா எடுக்கணும்.

ஆனா பழைய நோக்கியா சீரிஸ் 40 போன்கள்ல மொத்த ஆப்பும், படம் சத்தம் எல்லாம் சேர்த்து, 64 கேபிக்குள்ள இருந்தாகணும், அதுதான் எங்களுக்கு தெனம் தலைவலி. நாங்க ப்ரோக்ராம அழகா பதினஞ்சு பகுதியா, அதான் கிளாஸா, பிரிச்சு எழுதுவோம், அப்புறம் ஒவ்வொரு கிளாஸ் ஃபைலுக்கும் தனியா கொஞ்சம் எடம் போகுதுன்னு எல்லாத்தையும் ஒரே கிளாஸ்ல அள்ளிப் போடுவோம், அதுக்கு மேல புரோகார்டுன்னு கோட சுருக்குற ஒரு டூல ஓட்டுவோம், அது வேரியபிள் பேரையெல்லாம் ஏ, பி, சி-ன்னு மாத்தி இன்னும் கொஞ்சம் சுருக்கிக் குடுக்கும். காலேஜ்ல சொல்லிக் குடுத்த அத்தனையும் குப்பையில. "ஒரு தடவ எழுது, எங்க வேணா ஓட்டு"ன்னு ஜாவாக்காரங்க சொன்னதுக்கு, ஒரு தடவ எழுதி பதினெட்டு போன்ல ஓட்டிப் பாத்து பதினெட்டு தடவ திருத்தினதுதான் நெசம். ஒண்ணுல திரை 128க்கு 128, இன்னொண்ணுல 176க்கு 208.

அப்பதான், 2005-ல, முத்து நெடுமாறனோட செல்லினம், போன்ல தமிழ் எழுதுற ஆப், இங்க வந்துச்சு. போன்ல தமிழ் எழுத்தே இல்லாத காலத்துல தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பலாம்னா எங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்ப சொன்னா பசங்களுக்குப் புரியாது. சாதாரண எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ் 160 எழுத்து போகும், தமிழ் மாதிரி மத்த மொழி எழுத்துக்கும் எடம் குடுக்குற யூனிகோடுன்னா 70 தான், அதுலயும் தமிழ்ல கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். "வணக்கம்" நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து, மெஷினுக்கு ஏழு. யூனிகோட சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில ஒண்ணுக்கு மூணு பைட், ஆக 21 பைட். அந்தக் கணக்கு அப்பவே மண்டையில ஏறிடுச்சு, ஆனா இந்த டப்பா செய்யும்போது மறந்துட்டேன் பாருங்க, அங்கதான் மாட்டினேன்.

ஊனோல ராம், அதாவது ஓடும்போது பயன்படுத்துற மெமரி, எவ்ளோ தெரியுமா? 2 கேபி. 2048 பைட். ப்ரோக்ராம ஏத்தி வைக்கிற ஃப்ளாஷ் மெமரி 32 கேபி இருக்கு, அது பரவால்ல. நான் வச்சிருந்த திரை 128க்கு 64 புள்ளி, கருப்பு வெள்ளைதான், ஒரு புள்ளிக்கு ஒரு பிட், ஆக 1024 பைட். அதாவது திரையில என்ன இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கவே பாதி ராம் காலி. தமிழ் ஃபாண்ட் போட்டா கொம்ப முன்னாடி தள்ளணும், காலை பின்னாடி வைக்கணும், அந்த வேலையெல்லாம் இந்த சிப்புக்கு ஆகாது. அதனால லேப்டாப்ல எழுதி படமா மாத்தி, அதை எண்ணு எண்ணா ஒரு அர்ரேல, அதாவது எண் வரிசையில, போட்டேன். ஒரு படம் 128க்கு 32, 512 பைட், ரெண்டு படம்.

கம்பைல் பண்ணினா, அதாவது எழுதினத சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்தினா, குளோபல் வேரியபிளுக்கு ராம்ல 1474 பைட், 71 சதவீதம்னு சொல்லுச்சு. 574 பைட் மிச்சம். செவப்பு எழுத்துல எச்சரிக்கை எதுவும் வரல, சரின்னு ஏத்தினேன். திரை இருட்டு. வயரை மாத்தினேன், திரையையே மாத்தினேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் மல்டிமீட்டர வச்சுக்கிட்டு ஒவ்வொரு காலா தொட்டுப் பாத்தேன், வோல்டேஜ் எல்லாம் ஒழுங்கா இருக்கு!

விஷயம் என்னன்னா, திரை லைப்ரரி அந்த 1024 பைட்ட கம்பைல் பண்ணும்போது கேக்காது, ஓட ஆரம்பிச்சப்புறம்தான் கேக்கும். இருந்தது 574. கெடைக்கல, பேசாம உக்காந்துடுச்சு. அதுக்கு மேல ஒரு கூத்து, அர்ரே முன்னாடி கான்ஸ்ட்னு (மாறாததுன்னு) போட்டா அது ஃப்ளாஷ்லயே இருக்கும்னு நான் நெனச்சிருந்தேன், ஊனோல இருக்குற இந்த ஏவிஆர் சிப்புல அப்படி இல்ல, கான்ஸ்ட் போட்டாலும் மாறாத அந்தப் படத்த பவர் போட்டதும் ராமுக்கு காப்பி பண்ணிடும். புரோக்மெம்னு ஒரு வார்த்தைய சேர்த்து எழுதினாதான் ஃப்ளாஷ்லயே கெடக்கும். ஒரே வார்த்தை. சேர்த்ததும் 1474 கீழ எறங்கி 450 ஆச்சு, திரை லைப்ரரிக்கு வேண்டிய எடம் கெடச்சுது, "தண்ணி ஊத்து"ன்னு வந்துச்சு. ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவத் தொறந்து பாத்தாங்க.

ஆபீஸ்ல ஒரு பையன் கேட்டான், "ஏண்ணே இவ்ளோ கஷ்டப்படுறீங்க, பைக்கோ வாங்கி மைக்ரோபைத்தான் போட்டா பத்து நிமிஷ வேலைல்ல". (பைக்கோ இன்னொரு சின்ன போர்டு, மைக்ரோபைத்தான் அந்த மாதிரி போர்டுக்கு சுருக்கின பைத்தான் மொழி.) அவன் சொல்றதுல தப்பில்ல. 2021-ல நாலு அமெரிக்க டாலர் வெலையில வந்த பைக்கோலயே 264 கேபி ராம் இருக்கு, எங்க ஜே2எம்ஈ போன்கள்ல பலதுல ஆப்புக்கு அவ்ளோ கெடச்சதில்ல. டேமியன் ஜார்ஜ் 2013-ல ஆரம்பிச்ச மைக்ரோபைத்தானும் நல்லா பக்குவமாயிடுச்சு, யூஎஸ்பி சொருகி ஒரு வரி அடிச்சா அங்கயே பதில் வருது, கம்பைல் பண்ணி ஏத்தி காத்துக்கிட்டிருக்க வேணாம். ஆனா அதுலயும் தேவையில்லாத மெமரிய காலி பண்ற, குப்பை அள்ளுற வேலை, அதான் கார்பேஜ் கலெக்‌ஷன், நடுவுல எப்ப வேணா வரும். மெமரி துண்டு துண்டா கெடந்துச்சுன்னா மொத்தத்துல எடம் இருந்தும் ஒரே துண்டா கேட்டா இல்லம்பான். டேட்டாவ வச்சுக்குற பெரிய எடத்தையெல்லாம் (பஃபர்) ஆரம்பத்துலயே வாங்கி வச்சுக்கணும். இதுவும் நாங்க கேவிஎம்ல பண்ணின அதே வேலைதான், பேரு மட்டும் வேற. அடுத்த டப்பா பைக்கோலதான், அது வேற விஷயம்.

டப்பாவ காரிடார்ல மாட்டி பன்னெண்டு நாள் நல்லா ஓடுச்சு. பதிமூணாம் நாள் அம்மா போன்.

"என்னடா இது, காலைலதான் ஊத்தினேன், மறுபடியும் ஊத்து ஊத்துங்குது. தொட்டிக்கு கீழ தட்டுல தண்ணி நிக்குது, கொசு வந்து டெங்கி செக்கிங் ஆளுங்க பாத்தா யாரு ஃபைன் கட்றது?"

போய்ப் பாத்தா, மண்ணுக்குள்ள இருந்த சென்சார் காலு ரெண்டுல ஒண்ணு செம்பு அரிச்சு கருப்பாயிருச்சு. ஈர மண்ணுல எந்நேரமும் கரெண்ட் ஓடினா அப்படித்தான் ஆகும், அரிச்சா கரெண்ட் போகாது, கரெண்ட் போகலைன்னா மண்ணு காஞ்சிருக்குன்னு டப்பா நெனச்சுக்கும். ப்ரோக்ராம்ல தப்பு இல்ல. அம்மா விரல மண்ணுல குத்திப் பாத்துட்டு, "ஈரமாத்தாண்டா இருக்கு"ன்னாங்க.

இந்த சனிக்கிழமை டவர் போறேன், உலோகம் வெளிய தெரியாத கெப்பாசிட்டிவ் சென்சார் வாங்கணும். அதுவரைக்கும் "போதும்"னு மட்டும் காட்டுற மாதிரி மாத்தி வச்சிட்டு வந்திருக்கேன்.