ஓம் என்று சொல்லி ஒரு பெரியவரை நிற்க வைத்தேன்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று சங்கச் செயலாளர் மூன்று மாதமாகக் கேட்கிறார். அதிபரைப் பற்றியும் பிக் மட்ச் என்ற வருடாந்தக் கிரிக்கெட் போட்டியைப் பற்றியும் மற்றவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இங்கிலீசு, அதுவும் படித்த கதையை விடப் பிழைவிட்ட கதைதான் கூட.

எங்கள் காலத்தில் எல்லாப் பாடமும் தமிழில், இங்கிலீசு ஒரு பாடம் மட்டும், நாளுக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் மாஸ்ரர் (பெயர் வேண்டாம், அந்தப் பிரம்பைக் கண்ட எல்லாருக்கும் தெரியும்) அக்டிவ் வொய்ஸைப் பஸிவ் வொய்ஸாக மாற்றச் சொல்லி உயிரை எடுப்பார். ராமன் பாம்பைக் கொன்றான், பாம்பு ராமனால் கொல்லப்பட்டது. நூறு பாம்பாவது கொன்றிருப்போம். ஆனால் ஒரு நாளாவது இங்கிலீசில் ஒருவரோடு ஒருவர் கதைத்தோமா என்றால், அது இல்லை.

இலங்கையில் தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியை மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப மாற்றிய முறை) வந்து எங்களுக்குப் பல்கலைக்கழக வாசல் குறுகிப்போன காலம். அம்மா காணியை ஈடு வைத்துக் காசு தர, 1979 செப்டெம்பரில் லண்டன் வந்து இறங்கினேன். ரூட்டிங்கில் அறை, ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட் பக்கம் ஒரு கல்லூரியில் இங்கிலீசு வகுப்பு, இரண்டுக்கும் நடுவில் நோர்தேர்ண் லைன் என்ற நிலத்தடி ரெயில். அறை தேடிய போதே பாடம் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் 'ஐ ஆம் அஃப்றெய்ட், அறை போய்விட்டது' என்றார்கள். எனக்குத் தெரிந்த அஃப்றெய்ட் பயம்தான், என்னைக் கண்டு ஏன் இந்தச் சனம் இப்படிப் பயப்படுகிறது என்று யோசித்தேன். ஒரு வீட்டில் 'பயப்படாதீர்கள்' என்று ஆறுதலும் சொன்னேன்! அது பயமில்லை, 'மன்னிக்கவும்' என்பதை மரியாதையாகச் சொல்வது என்று பிறகுதான் விளங்கியது. அடுத்த கிழமையும் அதே அறைக்கு அதே விளம்பரம் கடைக் கண்ணாடியில் கிடந்தது. அது வேறு பாடம்.

வகுப்புக்குப் போன மூன்றாம் நாள். ரெயினில் என் பக்கத்து இருக்கையில் என் பை. தொப்பி போட்ட ஒரு பெரியவர் குனிந்து, 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிற் ஹியர்?' என்றார். இருக்கலாமோ என்று கேட்கிறார், அவ்வளவும் விளங்கியது. பல் தெரியச் சிரித்து, 'யெஸ், யெஸ்' என்றேன். அவர் முகம் சிவந்து நிமிர்ந்துவிட்டார். நான் பையைத் தூக்கி மடியில் வைத்து இடத்தைத் தட்டிக் காட்டினேன், அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஸ்ரொக்வெல், கெனிங்டன், வோட்டர்லூ எல்லாம் போனது, அந்த வயதிலும் மனிசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவருக்கு எழும்பி இடம் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வகுப்பில் ரீச்சர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மைண்ட் என்றால் அங்கே மறுப்பு, ஆகவே நோ என்று சொன்னால்தான் இருக்கலாம் என்று அர்த்தம். ஊரில் நாங்கள் மைண்ட் என்றால் மனம் என்று எழுதி அடிக்கோடும் போட்டவர்கள். இங்கே பிளாட்பாரத்தில் ஒலிபெருக்கி மைண்ட் த காப் என்றால் ரெயிலுக்கும் மேடைக்கும் நடுவில் இடைவெளி, கவனம், நெவர் மைண்ட் என்றால் பரவாயில்லை. அந்த மைண்ட் த காப் குரல் ஒஸ்வால்ட் லோறன்ஸ் என்ற நடிகருடையது. அவர் இறந்து, பிறகு குரலையும் மாற்றிவிட்டார்கள், மனைவி கேட்டுக்கொண்டதால் 2013இல் எம்பாங்மென்ற் நிலையத்தில் மட்டும் திரும்பப் போட்டார்கள். இப்போதும் அந்தப் பக்கம் போனால் ஒரு ரெயினை விட்டுவிட்டு நின்று கேட்பேன். எனக்கு ஒழுங்காக விளங்கிய முதல் மைண்ட் அதுதான்.

இதை விடப் பெரிய சிக்கல், 'இல்லை' வைத்துக் கேட்கும் கேள்வி. வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி ஊற்றும்போது 'நீ சீனி போடுவதில்லை, அப்படித்தானே?' என்பார். எங்கள் ஊரில் 'சீனி போடுறேல்லையோ?' என்றால் 'ஓம், போடுறேல்லை' என்போம், கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு ஓம். அவர்களுடைய யெஸ் கேட்டவரைப் பார்க்காது, நடப்பைத்தான் பார்க்கும். போடாவிட்டால் நோதான். நான் யெஸ் சொல்லிச் சொல்லி ஒரு மாரி முழுக்க இரண்டு கரண்டிச் சீனியோடு குடித்தேன். இப்போது டயபற்றிஸ், பழியைக் கிரமர் மேல் போடலாமோ தெரியாது.

பின்னேரம் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை, நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான் இங்கிலீசு படித்தோம். அப்போது பெற்றோல் விற்றது லீற்றரில் இல்லை, கலன் கணக்கில், நல்ல ரகத்துக்கு ஃபோர் ஸ்ரார் என்று பெயர். ஒருவர் காரை நிறுத்தி 'ஃபில் ஹேர் அப்', அதாவது 'அவளை நிரப்பு' என்றார், அவள் என்றது காரைத்தான். நான் உள்ளே எந்தப் பெண் இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். நன்னூல் படித்த மூளைக்கு அஃறிணையில் ஹேர் எப்படி ஏறும்? தசமக் காசு 1971இலேயே வந்துவிட்டது, ஆனாலும் வயதானவர்கள் ஐம்பது பென்ஸ் குத்தியை ரென் பொப் (பத்துச் சிலிங்) என்பார்கள், கல்லாப்பெட்டியில் பழைய சிலிங் ஐந்து பென்ஸாகக் கிடக்கும்.

அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் ஃபர்ஸ்ட் சேர்ட்டிபிக்கற் என்ற இங்கிலீசுச் சோதனை எழுதினேன். ஒரு தாளில் வாக்கியத்தைத் தந்து, வேறு சொல்லில் தொடங்கித் திருப்பி எழுதச் சொல்வார்கள். பக்கத்து மேசை இத்தாலிக்காரன் வியர்த்துக்கொண்டிருந்தான், நான் கடகடவென்று முடித்துவிட்டேன். மாஸ்ரரின் பாம்புகள்!

பாஸ் என்று தெரிந்த அன்றே மாஸ்ரருக்கு ஏரோகிராம் போட்டேன். முழுக்க இங்கிலீசில், அந்தப் பெரியவர் கதை, சீனிக் கதை எல்லாம் எழுதி. ஐந்து கிழமை கழித்து ஒரு தடித்த கடிதம் வந்தது. பிரித்தால் என் ஏரோகிராமேதான், சிவப்பு மையில் ஏழு இடம் வட்டம். 'நேற்று' என்ற சொல் இருக்கும் வசனத்தில் ஹாவ் போட்டதற்கு இரட்டைக் கோடு. பெரியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில் மட்டும் தமிழில், கொஞ்சம் நடுங்கிய எழுத்தில்: 'அங்கை குளிர் கூடவோ? கம்பளிச் சட்டை வாங்கினனீயோ?'