வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்னரே ரேட் பேசலாமா?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டத் தீர்மானித்தபோது, ஒரே வரைபடத்தை மூன்று பேரிடம் கொடுத்துத் தொகை கேட்டேன்; வந்த மூன்று பதில்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியவில்லை. முதலாமவர் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,350 ரூபாய் என்றார். 1,200 சதுர அடிக்கு 28,20,000 ரூபாய். இரண்டாமவர் கூலி மட்டும் சதுர அடிக்கு 480 ரூபாய், பொருளை நீங்கள் இறக்கித் தாருங்கள் என்றார். மூன்றாமவர், ஆகிற செலவை ரசீதோடு காட்டுவதாகவும், அதன் மேல் 10 சதவீதம் தந்தால் போதும் என்றும் சொன்னார்.

கூலி ஒப்பந்தத்தை நான் விரைவிலேயே விலக்கிவிட்டேன். அது கெட்ட முறை அன்று. பகலெல்லாம் மனையில் நிற்க ஆள் உள்ள குடும்பத்துக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும் என்று எடை போட்டுப் பார்க்கவும், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) லாரியில் யூனிட்டுக்கு 100 கன அடி உண்டா என்று அளந்து பார்க்கவும், மிஞ்சிய சிமெண்ட் மூட்டை மழையில் நனையாமல் மூடி வைக்கவும் ஒருவர் வேண்டும். அலுவலகத்திலிருந்து மாலை ஆறு மணிக்குத் திரும்பும் எனக்கு அது இயலாது.

செலவின் மேல் சதவீதம் என்னும் முறை கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும். ஆனால் 60 ரூபாய் டைல்ஸில் அவருக்கு 6 ரூபாய், 90 ரூபாய் டைல்ஸில் 9 ரூபாய் என்றால், விலை குறைந்த பொருளைத் தேடி அவர் ஏன் அலைய வேண்டும்? இந்த முறையில் போவதென்றால் சதவீதத்தை விட்டுவிட்டு, வேலை முடிய இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணமும், மொத்தச் செலவுக்கு ஒரு மேல்வரம்பும் பேசிக்கொள்வதே நல்லது. தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது மட்டும் இதுவே பொருத்தம் என்பேன். சுவரைத் தட்டும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

எஞ்சியது சதுர அடி ரேட். இதில்தான் எனக்கு அச்சம் இருந்தது, ஏனென்றால் என் மைத்துனர் கோவில்பட்டிச் சாலையில் கரிசல் மண்ணில் இதே முறையில் வீடு கட்டத் தொடங்கி, அஸ்திவாரம் நினைத்ததைவிட ஆழமாகப் போனதும் ஒப்பந்தக்காரர் கூடுதல் பணம் கேட்க, இவர் மறுக்க, வேலை நான்கு மாதம் நின்றுபோனது. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் குடும்பத்தில் பேச்சு உண்டு. தெரியாத ஒன்றுக்கு நிலையான விலை பேசியதுதான் தவறு என்பது என் எண்ணம். எங்கள் கொத்தனார் அதை எளிதாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மேல கட்டுததுக்கு நான் கணக்குச் சொல்லிருவேன், மண்ணுக்குள்ள என்ன கெடக்குன்னு தோண்டுனாத்தான தெரியும்."

ஆகவே ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்தேன். பேஸ்மெண்ட் மட்டம் வரை, அதாவது வீட்டின் தரை அமையும் உயரம் வரை, அளவுக் கணக்கு: மண் தோண்டுவதும் கான்கிரீட்டும் கன அடிக்கு இவ்வளவு, கம்பி கிலோவுக்கு இவ்வளவு. அதற்கு மேலே, தட்டட்டி (மொட்டை மாடி) கைப்பிடிச் சுவர் உட்பட, சதுர அடி ரேட்; அஸ்திவாரம் நீங்கியதால் அது 1,900 ரூபாயாக இறங்கியது. 2025 தை மாதம் வானம் தோண்டியபோது, பன்னிரண்டு குழிகளில் ஒன்பதில் ஐந்தடியிலேயே சுக்கான் பாறை தட்டியது. மேற்கு ஓரத்து மூன்று குழிகள் ஏழடி வரை போயின. வரைபடத்தில் இருந்ததைவிட 38,000 ரூபாய் கூடியது. டேப் பிடித்து இருவரும் சேர்ந்து அளந்த கணக்கு என்பதால் வாக்குவாதம் எழவில்லை.

மேல்பகுதிக்கு எழுதியதில் நான் அதிக நேரம் செலவிட்டது, எது சதுர அடியில் சேரும் என்பதைப் பற்றித்தான். போர்டிகோவை முழுதாகக் கணக்கிடுவாரா, பாதியாகவா? படிக்கட்டு அறை? செப்டிக் டேங்கும் தரைத்தொட்டியும் தனியா? பேஸ்மெண்ட் உயரத்தைத் தரையிலிருந்து அளப்பதா, சாலையிலிருந்து அளப்பதா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த பிறகு, இந்தப் பக்கம் ஒவ்வொருவரும் ஓர் அடி உயர்த்திக் கட்டவே விரும்புகிறார்கள். அந்த ஓர் அடிக்கான விலையை முன்கூட்டியே எழுதாவிட்டால் அது "எக்ஸ்ட்ரா" என்ற தலைப்பில் பின்னால் வந்து சேரும்.

விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் ஒரு ஷரத்து வைத்திருந்தார். ஏறினால் தருகிறேன், இறங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது அவர் சிரித்தார், இறங்கிய விலையை யார் பார்த்தது என்று. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது எங்கள் பூச்சு வேலை பாதியில் இருந்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அடுத்த பில்லில் அவராகவே கழித்திருந்தார்.

பணத்தை பேஸ்மெண்ட், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் விட்டம்), தளம், பூச்சு என்று வேலை முடிந்த பிறகே கொடுத்தேன்; கடைசி 5 சதவீதத்தை மார்கழி பிறந்த பிறகே தருவதென்று எழுதியிருந்தோம். ஐப்பசியில் வேலை முடிந்தது. கார்த்திகை மழையில் தெற்கு ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்தது. தொலைபேசியில் சொன்னேன், மழை விட்ட மூன்றாம் நாள் ஆள் அனுப்பிச் சரிசெய்தார். மார்கழி முதல் வாரம் மறுபடி ஒரு மழை பெய்தது, சுவர் காய்ந்தே இருந்தது, மறுநாள் காலை பாக்கியை அனுப்பிவிட்டேன்.