யார் சொன்னதாம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்கள் மண்சரிவில் புதையுண்ட செய்தி கேட்டு, பாடசாலையிலிருந்து பாதியிலேயே பண்டாரவளைக்குத் திரும்பினேன். வீட்டில் அம்மா தொலைக்காட்சியின் முன் நின்றுகொண்டிருந்தார். அத்தை மகள் வாழ்ந்தது அதற்கு அடுத்த தோட்டத்தில். அவளுடைய தொலைபேசிக்கோ அழைப்புப் போகவேயில்லை. ஓர் அலைவரிசையில் நூறு பேர் என்றார்கள். மாற்றினால் இன்னொன்றில் அதைப் போல் இரண்டு மடங்கு என்றார்கள். எண் கூடக் கூட வாசிப்பவரின் குரலும் உயர்ந்துகொண்டே போனதேயன்றி, அந்த எண்ணைக் கொடுத்தது இராணுவமா, பிரதேச செயலகமா, வீதியில் நின்ற ஒருவரா என்பதை எவரும் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் அம்மா திரையைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "யார் சொன்னதாம்?"

பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்த நேரம் அது என்பதால் லயன்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அப்போது யாராலும் கணக்கிட்டிருக்க முடியாது. முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பின்னர் பல மடங்கு குறைந்தது. அத்தை மகள் இரவில் பேசினாள். அவர்கள் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பகல் முழுவதும் பார்த்த முகங்களில் ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. "இந்த எண்ணிக்கையை எங்களால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகாமல் ஒரு கணம் நிறுத்திய ஒரு பெண் வாசிப்பாளர் அவர். அம்மா அதன் பிறகு வேறு அலைவரிசைக்கு மாற்ற விடவில்லை.

செய்தி வாசிப்பாளர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்துதான் என்னைத் தொற்றிக்கொண்டது. யூடியூபில் கிடைக்கும் பழைய ஒளிப்பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். அவற்றில் நான் அதிகம் திரும்பிப் பார்த்தது 1963 நவம்பர் 22ஆம் திகதி அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனத்தில் வால்டர் குரோன்கைட் ஜனாதிபதி கென்னடியின் மரணத்தை அறிவித்த பதிவு. கண்ணாடியைக் கழற்றுவதும், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், எச்சிலை விழுங்கிக்கொள்வதும் எல்லோருக்கும் தெரிந்த காட்சிகள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய பொழுதுதான். கமரா சூடேறித் தயாராவதற்கு நேரமெடுத்ததால் முதல் அறிவிப்பு வெறும் எழுத்துப் பலகையுடன் குரலாக மட்டுமே போயிற்று. அதன் பின் திரையில் தோன்றியவர், ஜனாதிபதி இறந்துவிட்டதாக டலஸிலிருந்து தகவல்கள் வரத் தொடங்கிய பிறகும், இன்னார் இப்படிச் சொல்கிறார், ஆனால் இது உறுதியாகவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் உரியவரைச் சுட்டிக்கொண்டே இருந்தார். அதிகாரபூர்வமான செய்தி எழுதிய தாள் கைக்கு வந்த பிறகுதான், மரணம் நிகழ்ந்து 38 நிமிடங்கள் ஆகின்றன என்று நேரத்துடன் அதை வாசித்தார். அம்மாவின் கேள்விக்கு, யாரும் கேட்காமலேயே குரோன்கைட் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

தாமதம் என்பதாலேயே ஒன்று நிதானம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1984 ஒக்டோபர் 31ஆம் திகதி காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். வெளிநாட்டு வானொலிகள் பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டன. தூரதர்ஷனில் சல்மா சுல்தான் அதை வாசித்தது மாலையில். வாசித்தவரின் குரலில் குறையேதும் இல்லை, ஆனால் அந்தத் தாமதம் அரசின் வாய்ப்பூட்டு; சரிபார்ப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரமன்று.

அவசரம் என்ற மறுகோடிக்கு உதாரணம் தேட எங்களுக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 2016 டிசம்பர் 5ஆம் திகதி மாலை ஜெயலலிதா இறந்துவிட்டதாகத் தமிழகத்துச் செய்தி அலைவரிசைகள் சில அறிவித்தன. அவருடைய கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. அவர் இறந்தது அன்றிரவு 11.30 மணிக்கு என்று நள்ளிரவுக்குப் பிறகு அறிவிக்கப்பட்டது. டிஷ் அன்டெனா வழியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீதியில், மாலையிலேயே அழுது ஓய்ந்தவர்கள் இரவில் மறுபடியும் அழுதார்கள். மாலையில் தவறாகச் சொன்ன வாசிப்பாளர்கள், அந்தச் செய்தி ஒருபோதும் வராதது போல அடுத்த வரிக்குத் தாவிவிட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தவறு பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 2000 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இரவில் புளோரிடா மாநிலத்தின் வெற்றி அல் கோருக்கு என்று தொலைக்காட்சிகள் அறிவித்துத் திரும்பப் பெற்றார்கள். பின் புஷ்ஷுக்கு என்று அறிவித்து அதையும் திரும்பப் பெற்றார்கள். போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒன்றாகவே சறுக்கியதற்குக் காரணம், கூட்டாக நடத்திய ஒரே கணிப்பு நிறுவனத்தின் தரவுகளை அவை அனைத்தும் நம்பியிருந்ததுதான். தவறாகச் சொல்வதைவிடக் கடைசியாகச் சொல்வதே மேல் என்று அன்று மாலை பார்வையாளர்களுக்கு உறுதியளித்திருந்த சிபிஎஸ்ஸின் டான் ராதரும் தப்பவில்லை. ஆனால் என்பிசியின் டொம் புரோக்கோ, எங்கள் முகத்தில் வழிவது முட்டை மட்டுமல்ல, ஒரு முழு ஒம்லெட் என்று நேரலையிலேயே ஒப்புக்கொண்டார். முகத்தில் முட்டை என்றால் ஆங்கிலத்தில் அவமானப்பட்டு நிற்பது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இருந்தாலும், ஒருவரைத்தான் தேர்ந்தெடு என்றால் நான் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியின் பீற்றர் ஜெனிங்ஸைச் சொல்வேன். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அந்தக் கனடாக்காரர் 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி பல மணி நேரம் தொடர்ந்து செய்தி மேசையில் இருந்தார். நியூயோர்க்கில் தாக்கப்பட்ட இரட்டைக் கோபுரங்களில் தெற்குக் கோபுரம் சரிந்தபோது, ஒரு பக்கம் மட்டுமா விழுந்தது என்று களத்திலிருந்த செய்தியாளரிடம் கேட்கிறார். முழுக் கட்டடமும் என்று பதில் வருகிறது. முழுக் கட்டடமுமா என்று மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார். தமக்குத் தெரியாததைக் கேள்வியாகக் கேட்கும் அந்தத் துணிவை, பின்னணி இசையுடன் சிவப்புப் பட்டை ஓட்டும் நம்முடைய திரைகளில் நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலில் மலையகம் சிதைந்தபோது எங்களுக்குத் தொலைக்காட்சியே இல்லை. மின்சாரமும் போய், தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டன. மூன்றாம் நாள் சிக்னல் வந்ததும் முதலில் வந்து விழுந்தது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. ஏதோ ஒரு நீர்த்தேக்கத்தின் அணை உடைந்துவிட்டது, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று, செய்தி வாசிப்பாளரைப் போலவே ஏற்ற இறக்கத்துடன் யாரோ பேசியிருந்தார். பக்கத்து வீட்டார் பைகளைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மா மெழுகுதிரியைத் தொலைபேசிக்கு அருகே கொண்டுவந்து, அந்தப் பதிவை மறுபடி போடச் சொல்லி, பெயர் ஏதாவது வருகிறதா என்று முழுவதையும் கேட்டார்.